மாநிலத்தை விடுங்கள், அந்தக் கடிதத்தைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் 19 வருடமாக இருக்கிறேன், குடியுரிமையும் வாங்கிவிட்டேன். பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு விதிகளைத் தளர்த்தி, என் ஓட்டைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள். டெக்சாஸ் அந்த மாநிலத்தின் மேல் மறுபடி வழக்குப் போட முடியாதா? நானும் அதில் சேரலாமா? அங்கே ஓட்டு எண்ணிய ஒரு பெண்ணின் வீடியோவை, ‘இவர்தான் திருடி’ என்று பெயரோடு பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். திருத்தம் கேட்டு அவருடைய வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்தானே?

பதில்: விடக் கூடாது. நீங்கள் எழுதியதில் சட்டப்படி கனமான விஷயம் அந்தக் கடைசி வரிதான்.

முதலில் மாநில வழக்கை முடித்துவிடுகிறேன். ஒரு மாநிலம் இன்னொன்றின் மேல் நேராக உச்ச நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். ஆற்றுத் தண்ணீருக்காக டெக்சாஸும் நியூ மெக்சிகோவும் அங்கேதான் மோதின. 2020 டிசம்பர் 7 அன்று அதிபர் தேர்தலுக்காகவும் டெக்சாஸ் போனது. பென்சில்வேனியா, ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் என நான்கு மாநிலங்கள், மொத்தம் 62 தேர்வாளர் ஓட்டுகள் (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் போடும் ஓட்டுகள்). டிசம்பர் 11 அன்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு மாநிலம் தன் தேர்தலை எப்படி நடத்துகிறது என்பதில் டெக்சாஸுக்கு வழக்காடும் பாத்தியதை இல்லை என்பதுதான் காரணம். மோசடி நடந்ததா என்ற பேச்சுக்கே நீதிமன்றம் போகவில்லை. மனுவையாவது ஏற்றிருக்கலாம் என்று சொன்ன இரண்டு நீதிபதிகளும் வேறு நிவாரணம் எதுவும் தந்திருக்க மாட்டோம் என்றார்கள். மாநிலத்துக்கே இல்லாத பாத்தியதை உங்களுக்கு எங்கிருந்து வரும்? பென்சில்வேனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரே அந்த 2019 தபால் ஓட்டுச் சட்டத்தை எதிர்த்து, தேர்தல் முடிந்த பிறகு தன் மாநில நீதிமன்றத்துக்குப் போனார். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டு அதையும் தள்ளிவிட்டார்கள்.

சரி, இப்போது கடிதம். இது மாநிலங்களின் சண்டை இல்லை, ஒரு தனிமனுஷிக்கும் உங்களுக்கும் இடையில் வரப்போகும் அவதூறு வழக்கு. ‘எல்லாரும் பகிர்ந்ததைத்தான் நானும் பகிர்ந்தேன்’ என்பது தற்காப்பு ஆகாது. ஜார்ஜியாவில் ஓட்டு எண்ணிய இரண்டு பெண்களைப் பற்றிப் பேசியதற்காக, நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி சுமார் 14.8 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுக்கும் நடுவர் குழு, சொன்னது.

அந்த வழக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் பேசியது அவதூறா என்று ஜூரி தீர்மானிக்கவே இல்லை. ஆவணங்களைப் பாதுகாத்து ஒப்படைக்கவில்லை என்பதற்காக, நீதிபதி முன்பே அவரைப் பொறுப்பாளி ஆக்கிவிட்டார். ஜூரிக்கு மிஞ்சியது எவ்வளவு தொகை என்பது மட்டும்தான்.

என்னிடம் வருபவர்கள் விழும் குழியும் இதுவே. கடிதம் வந்ததும் பதறிப்போய், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, போனையும் மாற்றிவிட்டு அப்புறம்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சாதகமாக இருந்திருக்கக்கூடிய செய்திகளும் அதோடு போயிருக்கும். பதிவை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி எடுங்கள். அதற்கு முன், தேதியும் கருத்துகளும் தெரியும்படி முழுப் பிரதி எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் தானாக அழியும் செய்தி வசதி இருந்தால் நிறுத்துங்கள். போனை மாற்றாதீர்கள்.

இன்னொரு குழி, வக்கீலுக்கு நீங்களே வீராப்பாகப் பதில் எழுதுவது. உண்மையா என்று கவலைப்படாமல் போட்டீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சலே சாட்சியாகிவிடும்.

நேராகச் சொல்கிறேன், சமரசமாகப் போங்கள். டெக்சாஸ் சட்டப்படி, திருத்தம் கேட்ட கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முறையாகத் திருத்தம் போட்டால், தண்டனையாகக் கேட்கும் கூடுதல் இழப்பீட்டிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். பொய் என்று தெரிந்தே போட்டதாக, அல்லது உண்மையா என்ற கவலையே இல்லாமல் போட்டதாக அந்தப் பெண் நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் தன் ஊரிலேயே வழக்குப் போட்டால் விதிகள் வேறாக இருக்கலாம், அதனால் 30 நாளையும் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். திருத்தம் அதே பேஸ்புக் பக்கத்திலும் அதே குழுக்களிலும் வர வேண்டும். ‘யாராவது புண்பட்டிருந்தால்’ என்று இழுக்காமல், நான் சொன்னது தவறு என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது சேர வேண்டியதும்கூட.

வீட்டு இன்சூரன்ஸோடு அம்பரெல்லா பாலிசி (அதற்கு மேல் கூடுதல் பாதுகாப்பு தரும் பாலிசி) இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் அவதூறு வழக்குச் செலவுக்கும் இடம் உண்டு, ஆனால் உடனே தெரிவித்திருக்க வேண்டும். கடிதம் உங்கள் கையில் கிடைத்த தேதியை அதன் உறையிலேயே எழுதி வைத்துவிட்டு, இந்த வாரமே உள்ளூரில் அவதூறு வழக்கு நடத்தும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.