கூச்சமாக இருக்கிறதா, தம்பி?

கேள்வி: காரைக்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். கோட் ரிவ்யூவுக்கு வைத்திருந்த ஃபேப்ரிகேட்டர் மென்பொருளை விட்டு, அதே வேலைக்கு கிட்லேபுக்கு மாறுகிறோம். அது என் பொறுப்பு. பத்து வருஷத்துக் கோட் ரிவ்யூக்கள், அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துத் திருத்திய குறிப்புகள், பழைய சர்வரில் கிடக்கின்றன. கோட் முழுக்க, அதன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருக்கிறது, டேட்டாபேஸ் டம்பும் (முழு நகல்) எடுத்துவிட்டேன். ரிவ்யூக்களை யாரும் திறப்பதில்லை. பாதிக்குமேல் எங்கள் பழைய லீடர் என்னைத் திருத்தியவைதான், இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. மாதக் கடைசியில் சர்வரை நிறுத்திவிடலாமா?

பதில்: போகிறபோக்கில் 'கூச்சமாக இருக்கிறது' என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான். 'யாரும் திறப்பதில்லை' என்பதெல்லாம் அதன் மேல் போர்த்திய துணி. மாமனார் கடிதங்களை எரிக்கலாமா, பழைய பேரேட்டை எடைக்குப் போடலாமா என்று கேட்கிறவர்களும் இதே துணியைத்தான் போர்த்திக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் ஐயா, அப்பச்சியின் (தகப்பனாரின்) அப்பா, ரங்கூனில் பெட்டியடிப் பையனாக வேலை பழகியவர். அவர் போட்ட வட்டிக் கணக்கை மேலாள் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்து, ஓரத்தில் 'ஒரு நாள் வட்டி விட்டுப்போச்சு' என்று எழுதிய நோட்டு ஒன்று உண்டு. அதைக் கப்பலில் கொண்டுவந்து பெட்டகத்தில் வைத்திருந்தார். எனக்கும் என் தம்பிக்கும் வட்டிக் கணக்குச் சொல்லித்தந்தபோது முதலில் விரித்தது அந்தப் பக்கத்தைத்தான். அவருக்குக் கூச்சம் இல்லை. உங்களுக்கு எங்கிருந்து வந்தது? உங்கள் கோடை வரி வரியாகப் படித்துத் திருத்த ஒருவர் நேரம் செலவழித்திருக்கிறார். வேலை சொல்லிக்கொடுத்தவர் வீட்டுப் பெரியவருக்குச் சமம். அவர் எழுத்தை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

டம்ப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஃபேப்ரிகேட்டரை உருவாக்கியவர்கள் 2021 ஜூன் மாதத்தோடு பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். ரிவ்யூ பேச்செல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது, கிட்டில் இல்லை. நாளைக்கு அந்த டம்பைப் படிக்க அதே மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும். யார் நிறுவுவார்கள்? கெரிட் என்ற வேறொரு ரிவ்யூ மென்பொருளாக இருந்தால், அதன் 3.0 பதிப்பு முதல் குறிப்புகள் கிட்டுக்குள்ளேயே கிடக்கும். உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரிவ்யூ வழியாக வந்த கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) செய்திகளின் அடியில் 'டிஃபரன்ஷியல் ரிவிஷன்' என்று அந்த ரிவ்யூவின் முகவரி இருக்குமே, பார்த்திருப்பீர்கள். சர்வரை நிறுத்திய அன்றே அவை எங்கும் போய்ச் சேராத முகவரிகள் ஆகிவிடும்.

எல்எல்விஎம் என்ற திறந்த மூல கம்பைலர் திட்டத்தார் 2023-இல் ஃபேப்ரிகேட்டரிலிருந்து கிட்ஹப்புக்கு ரிவ்யூக்களை மாற்றிய பிறகு, பழைய ரிவ்யூக்களை வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக்கி அதே முகவரியில் வைத்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். டிஃப் (மாறிய வரிகள்), வரிக்கு வரி எழுதிய குறிப்பு, ஒட்டிய படம் எதுவும் விடுபடக் கூடாது. பாஸ்வேர்ட் கண்ணில் பட்டால் அதை மட்டும் மறையுங்கள். ஏபிஐ வழியாக, அதாவது ஒரு நிரலை வைத்து, கிட்லேபில் கொட்டுவதாக இருந்தால் கவனம்: பெயர்களைச் சரியாக இணைக்காவிட்டால் அத்தனை குறிப்பும் ஏற்றியவர் பெயரில், அதாவது உங்கள் பெயரில் விழும். அவர் உங்களைத் திருத்தியதை நீங்களே சொன்னதாக நிற்கும். அதற்கு மட்டும் நான் உடன்படவே மாட்டேன்.

சர்வரை நிறுத்துமுன் பத்துப் பழைய கமிட்களை எடுத்து, ஒவ்வொரு முகவரியும் திறக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அவர் உங்களை அதிகமாகத் திருத்திய ரிவ்யூவைத் தேடி எடுத்து, இன்று உங்களிடம் வேலை பழகுகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டுங்கள்.