எந்தக் கதவை முதலில் தட்டுவது? மூத்தோர், மாற்றுத்திறனாளிகள் நலம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டிலுள்ள முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ கவனித்துக்கொள்பவர்கள் எழுதியவை. தமிழ்நாட்டில் இவர்களுக்கான சேவைகள் சமூக நலம், மாற்றுத்திறனாளிகள் நலம், வருவாய், மக்கள் நல்வாழ்வு என்று தனித்தனித் துறைகளில் பிரிந்து கிடப்பதால், உதவி இருந்தும் அது எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் பல குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. ஆகவே பதில்களில் திட்டங்களைப் பற்றி மட்டுமல்லாமல், யாரிடம், எந்த வரிசையில் கேட்பது என்பதையும் கூற முயன்றிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. சில மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. கிராமத்தில் அம்மா மட்டுமே அவரைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேலை நிமித்தமாக ஓசூரில் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாடகைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இயலாத காரியமாக இருக்கிறது. வீட்டிலேயே ஏதேனும் உதவி கிடைக்குமா?
வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: கிடைக்கும். உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, துணை சுகாதார நிலையத்திலுள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் சென்று, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பயனாளிகள் பட்டியலில் அவருடைய பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தை, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது என்ற அளவில்தான் பலரும் அறிந்திருக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி), படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதே திட்டத்தின் பகுதிகள் என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள் என்ற நிலை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனவே ‘மாத்திரை வேண்டும்’ என்று மட்டும் சொல்லாமல், ‘இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டும்’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால் ஒரு வட்டாரம் முழுவதையும் மிகச் சிலரே சுற்றிவருவதால், இயன்முறை மருத்துவர் நாள்தோறும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் வரும் நாளில் அம்மா பக்கத்தில் நின்று பயிற்சிகளைக் கற்றுக்கொள்வதும், நீங்கள் ஊரில் இருந்தால் கைப்பேசியில் அவற்றைப் பதிவு செய்துகொள்வதும் அடுத்த வருகைவரை தந்தைக்குப் பயன்படும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் முறையையும் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். தவறான முறையில் தூக்கினால் அம்மாவின் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழு பாதிப்பு நிலைபெற்ற பிறகே சதவீதத்தை அளவிடும் என்பதால், பக்கவாதம் வந்த சில வாரங்களிலேயே போகிறவர்களைப் பிறகு வரச் சொல்லி அனுப்புவது வழக்கம். உங்கள் தந்தையின் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப நாள் குறியுங்கள். ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்க அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. வர இயலாதவர் சார்பில் வேறொருவர் பொருள் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவம் கடையிலேயே உண்டு.

கேள்வி: எனக்கு 72 வயது. அரசு ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர் காலமாகிவிட்டார். அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 41 வயது. குளிப்பதற்கும் உடுப்பதற்கும் நான்தான் துணை. மகள் திருமணமாகி வெளியூரில் இருக்கிறாள்; பாசமானவள், ஆனால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்குப் பிறகு இவனுக்கு என்ன வழி என்று நினைத்தால் உறக்கம் வருவதில்லை.
ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, இதே கேள்வியை வேறு சில தாய்மார்களும் எழுதியிருப்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் மகனுக்கு 18 வயது நிறைந்த நாளிலிருந்து, சட்டத்தின் பார்வையில் நீங்கள் அவருடைய பாதுகாவலர் அல்லர் என்பது பல பெற்றோருக்குத் தெரியாத செய்தி. வங்கியிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ சிக்கல் வரும்போதுதான் இது வெளிப்படும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கு நிலைகளுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு எளிய வழியைத் தருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினர்களாக உள்ள உள்ளூர்க் குழு, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைச் சந்தித்தால் விண்ணப்பம் பற்றிய விவரம் கிடைக்கும். முதலில் உங்கள் பெயரில் இந்த நியமனத்தைப் பெறுங்கள். உங்களுக்குப் பிறகு மகளோ வேறு உறவினரோ பதிவுபெற்ற நிறுவனமோ பொறுப்பேற்க விண்ணப்பிக்கும்போது, ஏற்கெனவே உள்ள கோப்பு அவர்களுக்குப் பெரிய துணையாக இருக்கும். பாதுகாவலராக வருபவர் ஆறு மாதங்களுக்குள் உங்கள் மகனுடைய சொத்துகளின் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் கணக்கையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். புறக்கணித்தாலோ சொத்தைத் தவறாகக் கையாண்டாலோ அவரை நீக்கக் கோரலாம். மகள்மீது ஐயம் இருப்பதால் இதைச் சொல்லவில்லை; நாளை வேறு எவரேனும் கேள்வி எழுப்பினால் முறையான கணக்கு அவளுக்கே பாதுகாப்பு.

அடுத்தது பணம். அரசு ஊழியரின் மகனோ மகளோ சம்பாதித்து வாழ இயலாத மாற்றுத்திறனாளியாக இருந்தால், பெற்றோர் இருவருக்கும் பிறகு அவருக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. உங்கள் கணவரின் ஓய்வூதிய ஆவணங்களில் மகனுடைய பெயர் மாற்றுத்திறனாளி என்ற குறிப்புடன் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் நலமாக இருக்கும்போதே, கணவர் கடைசியாகப் பணிபுரிந்த அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றுடன் எழுத்து மூலம் விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாயும் மறைந்த பிறகு, பழைய பணிப்பதிவேட்டைத் தேடிக்கொண்டு அலைவது மகளால் ஆகிற காரியமன்று. என் கருத்தில், பாதுகாவலர் நியமனத்தைவிடவும் அவசரமானது இதுதான்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அறிவுசார் குறைபாடுடையோரும் அதற்குரிய பிரிவினரில் அடங்குவர். வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு; இரண்டையும் ஒருவரே பெற முடியாது என்பதால், எதைப் பெற்று வருகிறார் என்பதை வங்கிப் புத்தகத்தைக் கொண்டு உறுதிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை உதவும். அதற்கும் இதே அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் 41 ஆண்டுகளாக உங்கள் கையால் மட்டுமே உண்டு வளர்ந்தவர். நாளை திடீரென்று நீங்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், முன்பின் அறியாத கைகள் அவரைக் குளிப்பாட்டும். அது அவருக்குப் பெரும் அதிர்ச்சியாக இருக்கும். ஆகவே இப்போதிருந்தே பகல்நேர மையம் ஒன்றில் வாரத்துக்குச் சில மணி நேரம் விடத் தொடங்குங்கள். உலக வங்கி உதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் பகுதியில் இருந்தால், இயன்முறைச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பழகிய பின் மகள் வீட்டிலோ நல்ல இல்லம் ஒன்றிலோ ஓரிரு இரவுகள் தங்கவைத்துப் பாருங்கள். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பெற வேண்டிய பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். முன்னறிவிப்பின்றி மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வரவேற்பறையைவிடக் கழிப்பறையும் சமையலறையும் உண்மையைச் சொல்லும். மகன் எதற்கு அஞ்சுவார், என்ன உண்பார், எந்த மாத்திரையை எப்போது விழுங்குவார், கோபம் வந்தால் எப்படித் தணிப்பது என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மகளிடம் ஒரு படியைக் கொடுத்துவையுங்கள்.

கேள்வி: வீட்டை என் மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் செய்து கொடுத்தேன். இப்போது அவன் என்னைக் கவனிப்பதில்லை. மருந்துச் செலவுக்கும் கொடுப்பதில்லை. பத்திரத்தில் ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற வரி இல்லை. திரும்பப் பெற முடியுமா?
வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முயன்று பார்க்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த நிபந்தனை இருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மூத்தோர் நலனுக்கான இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினம் மாவட்டத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பின் பொருட்டு எழுதிக் கொடுத்த பத்திரத்திலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பத்திரத்தில் ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்ற வகையிலான சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எழுதப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

விண்ணப்பத்தை வருவாய்க் கோட்டாட்சியரிடம் அல்லது சார் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். மாதாந்திரப் பராமரிப்புத் தொகையையும் அதே மனுவில் கேளுங்கள். சட்டப்படி அதன் உச்சவரம்பு 10,000 ரூபாய், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அதை முடிவுசெய்ய வேண்டும். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனு எழுத உதவி தேவையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். சமரச அலுவலர் முதலில் இருவரையும் அழைத்துப் பேசுவார். ஊரார் முன்னிலையில் பேசுவதைவிட அங்கே பேசுவது நல்லது, ஏனெனில் ஒப்புக்கொண்டது எழுத்தில் இருக்கும்.

கேள்வி: சென்னை மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கான இலவச டோக்கன் பெண்களுக்கும் உண்டா?
வாசகர், சென்னை

பதில்: 60 வயது நிறைந்த இருபாலருக்கும் மாதத்துக்கு 10 டோக்கன்கள் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை என்பதால், டோக்கனால் கூடுதல் பயன் அடைபவர்கள் ஆண்களே. மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒரு துணையாளரும் அப்பேருந்துகளில் இலவசமாகப் பயணிக்கலாம். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: நான் துபாயில் பணிபுரிகிறேன். 76 வயதான அம்மா மதுரையில் தனியாக இருக்கிறார். நடமாட்டம் நன்றாகவே இருக்கிறது, பேச்சுத்துணைதான் இல்லை. முதியோர் இல்லம் என்றால் கோபப்படுகிறார்.
வாசகர், துபாய்

பதில்: நடமாடும் நிலையில் இருப்பவரை இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. முதியோர் பகலில் கூடியிருந்து மாலையில் வீடு திரும்பும் ‘அன்புச்சோலை’ மையங்கள் 25 அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. மதுரையில் அவருடைய வீட்டுக்கு அருகில் உள்ளதா என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறியலாம். முதல் நாள் தெரிந்த ஒருவர் கூடப் போனால் தயக்கம் குறையும். முதியவர்கள் மட்டுமே வாழும் வீடுகளுக்கு ரேஷன் பொருள்களை நேரில் கொண்டுவந்து தரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அவருடைய குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால் அதுவே தடையாகலாம், சரிபாருங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டச் சொல்லுங்கள். ஓய்வூதியம், சட்டம், மனச்சோர்வு என எதுபற்றியும் அங்கே தமிழில் பேசலாம். பக்கத்து வீட்டார் ஒருவரிடம் மாற்றுச் சாவியும் உங்கள் எண்ணும் இருக்கட்டும்.