தேர்தல் மேப்பில் சென்னை எங்கே?

வணக்கம்.

சிறிய செய்தித்தளம் ஒன்றில் படங்கள் செய்கிறேன். சட்டமன்றத் தேர்தல் முடிவைத் தமிழ்நாட்டு மேப்பில் வண்ணமடித்துப் போட்டால் சென்னை கண்ணுக்கே தெரிவதில்லை. சென்னையை மட்டும் பெரிதாக்கி ஓரத்தில் பெட்டி போடச் சொல்கிறார் ஆசிரியர். அறுகோண மேப் சரிவருமா? எப்படிச் செய்வது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பெட்டி போட்டால் சென்னை தெரியும், ஆனால் பெரிய படம் சொல்லும் பொய் அப்படியே இருக்கும். நீலகிரி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், தொகுதிகள் 3. சென்னையின் 16 தொகுதிகள் 200 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 360 பிக்சல் அகலத் திரையில் மாநிலத்தை நிரப்பினால் அந்தப் பதினாறுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஏறத்தாழ 11 பிக்சல் சதுரம். காடும் மலையுமான தொகுதிகளைப் பிடித்தவர்தான் ஜெயித்தவர்போலத் தெரிவார். ஆகவே அறுகோணம்தான்: தொகுதிக்கு ஒன்று, மொத்தம் 234, எல்லாம் ஒரே அளவு.

மென்பொருள் தானாக அடுக்கித் தருவதை அப்படியே வெளியிடாதீர்கள், கடற்கரையைக் குதறிவிடும். எக்செல்லில் கையால் அடுக்குங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் வரிசை எண், நெடுவரிசை எண். ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அரைக்கட்டம் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முதலில் கும்மிடிப்பூண்டி, வேதாரண்யம், கன்னியாகுமரி, கூடலூர் ஆகிய நான்கு முனைகளை ஊன்றுங்கள். உடனே சென்னைக்கு நாலுக்கு நாலு இடம் ஒதுக்கிவிடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் இடமில்லாமல் வங்கக் கடலில்தான் போய் விழும், பலர் சறுக்குவது இங்கேதான். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத் தொகுதிகள் மேற்கே தள்ளப்படும், பரவாயில்லை. கரையோர வடிவம் கெடாதவரை மாநிலத்தை வாசகர் அடையாளம் கண்டுகொள்வார், உள்மாவட்டங்களில் சற்று வளைந்துகொடுக்கலாம். மாவட்ட எல்லைக்குத் தடித்த கோடு போடுங்கள்.

முடிவுகளைப் பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறும். தேர்தல் ஆணையத்தின் தொகுதி எண் (1 கும்மிடிப்பூண்டி, 234 கிள்ளியூர்) மாறாது. ஒரே கட்டத்தில் இரண்டு தொகுதி விழுந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும், படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரிசை–நெடுவரிசை ஜோடி எதுவும் இருமுறை வருகிறதா என்று எக்செல்லிலேயே சோதியுங்கள்.

ஃபோனில் ஓர் அறுகோணம் 20 பிக்சல்தான் தேறும். தமிழ்ப் பெயர் அதில் நுழையாது, விரலும் குறி தவறும். மாவட்டப் பெயர்களை மட்டும் எழுதி, தொகுதிக்குத் தேடல் பெட்டி வையுங்கள். அழகுக்காக எழுத்திடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் ‘கோ’வின் கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். வரி இடைவெளி மிகவும் குறைந்தால் மேல்வரி உகரச் சுழியும் கீழ்வரி இகரக் கொக்கியும் மோதும்.

முன்னிலைக்கு வெளிர் நிறம், அறிவித்த வெற்றிக்கு அடர்நிறம், எண்ணத் தொடங்காததற்குச் சாம்பல். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே வைக்க நேர்ந்தால் ஒன்றை நன்றாகக் கருமையாக்குங்கள். நிறக்குறைபாடு உள்ளவருக்கும் பிரித்துத் தெரியும். மேப்புக்கு மேலே, கட்சிகள் பிடித்த இடங்களைக் காட்டி, பெரும்பான்மைக்கு வேண்டிய 118இல் கோடு போட்ட ஒரு பட்டை அவசியம். ஆட்சி யாருக்கு என்பதற்கு மேப்பைவிட அதுவே சீக்கிரம் பதில் சொல்லும்.

மழை, வெள்ளச் செய்திகளுக்கு இந்த அடுக்கை எடுக்காதீர்கள். அங்கே வாசகர் தேடுவது ஏரியையும் ஆற்றையும். பழைய மேப்பையே போடுங்கள்.