2013 டொயோட்டா அக்குவா வாங்கலாமா? ஹைபிரிட் பேட்டரி மலைநாட்டு ரோட்டுக்குத் தாங்குமா?

நீங்கள் ஹட்டன், நுவரெலியா பக்கம் புதிதாக வேலை கிடைத்தவராக இருக்க வேண்டும். கையில் உள்ள காசுக்குப் பழைய அக்குவாதான் சரிவரும், ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "பேட்டரி போயிடும்" என்று உங்களைக் குழப்பியிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் குழப்பினார்கள். 2019இல் நான் வாங்கிய 2013 அக்குவா இன்றைக்கும் தலவாக்கலையில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக மனசு வரவில்லை.

2021இல் ஒரு மழை நாள். அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் போகும்போது டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. மறுநாள் ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து பார்த்த கையோடு, "பேட்டரி முடிஞ்சு சேர், புதுசு போடணும்" என்றார்கள். சொன்ன தொகை என் பல மாதச் சம்பளம். லீசிங் வேறு கட்டி முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கூட வேலை செய்கிற ஒருவர்தான் ஹட்டனில் ஒரு மெக்கானிக் பாஸிடம் கூட்டிப்போனார். அவர் முதலில் காரில் உள்ள பிழைக் குறியீடுகளை (கோட்) காட்டுகிற ஸ்கேனரை மாட்டினார். "சேர், இது பேட்டரிக்கு வந்த கோட் இல்ல, பேட்டரி ஃபேனுக்கு வந்தது" என்றார். பின் சீட்டைக் கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் காற்று ஜன்னலையும் அதற்குப் பின்னால் இருந்த ஃபேனையும் வெளியே எடுத்தார். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி ஏதோ அடைத்திருந்தது. விரலால் இழுத்தபோது ஒரே துண்டாகவே வந்தது. மகளுடைய ஸ்வெட்டர் நூல், நாய் முடி, தோட்டத்து ரோட்டுச் செம்மண் எல்லாம் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. பிரஷ் போட்டுத் துடைத்து, காற்றடித்து, பேட்டரி இணைப்புத் தகடுகளில் பிடித்திருந்த பச்சைக் களிம்பையும் தேய்த்து எடுத்தார். இரண்டு மணி நேர வேலை. அதே பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது.

"மலைநாடு குளிர்தானே, பேட்டரி எப்படிச் சூடாகும்?" என்று கேட்பார்கள். அக்குவாவில் இருப்பது நிக்கல் வகை பேட்டரி. 20 கட்டிகள் (மொடியூல்கள்) சேர்ந்து 144 வோல்ட். அதைக் குளிர வைக்கிற காற்று வெளியிலிருந்து வருவதில்லை, நாம் உட்கார்ந்திருக்கிற அறையிலிருந்துதான் போகிறது. நாமோ குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஏற்றத்தில் பேட்டரி கரண்ட் கொடுக்கிறது, இறக்கத்தில் வாங்குகிறது, ஓய்வே இல்லை. ஃபேன் அடைத்தால் நடுவில் உள்ள கட்டிகள்தான் முதலில் வெந்து போகும். வருடத்துக்கு ஒரு தரம் அதைத் துப்புரவு செய்தால் பயத்தில் பாதி போய்விடும்.

அக்குவா பேட்டரி சாகாது என்று நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது ஒரு நாள் போகத்தான் செய்யும், அதற்கென்று மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எனக்கு யாரும் காசு கொடுத்து எழுதச் சொல்லவும் இல்லை. யூடியூப் பார்த்துவிட்டு நீங்களே பேட்டரியைக் கழற்றப் போகாதீர்கள், அந்த ஆரஞ்சு நிற வயர்களில் உயிரைக் குடிக்கிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது.

மற்றவை எல்லாக் காருக்கும் உள்ளதுதான்: 5,000 கிலோமீட்டருக்கு ஆயில், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில். கூலன்ட் எஞ்சினுக்கு ஒன்று, இன்வேர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு இருக்கிறது, இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரம்பொடை, கினிகத்தேனை இறக்கங்களில் லீவரை 'B'யில் போடுங்கள் (காரை நிறுத்தி வைக்கிற 'P' இல்லை). பேட்டரி நிறைந்த பிறகு சார்ஜ் ஏறாது, பிரேக்குக்குப் பாரம் கூடிவிடும். 'B'யில் எஞ்சினே பிடித்து வேகத்தைக் குறைக்கும். எஞ்சின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார்களை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தோம். அப்படி ஓடாமல் நின்றாலும் பேட்டரி இறங்கிவிடும். என்னிடம் இருந்த கொஞ்சப் பெற்றோலில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் காரை 'ரெடி'யில் (READY லைட் எரிகிற மாதிரி ஸ்டார்ட் செய்து) விட்டு வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் காரை அதிகம் உலுக்கியது எங்கள் தோட்டத்து டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) போகும் மூன்று கிலோமீட்டர் ரோடு. ஒவ்வொரு தேர்தலுக்கும் கொங்க்ரீட் போடுவதாகச் சொல்கிறார்கள். போன வருடம் பிரசவ வலியில் துடித்த ஒரு பிள்ளையை அம்புலன்ஸ் வர மறுத்ததால் இந்தக் காரில்தான் இறக்கினேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. இருநூறு வருடமாக இந்த மலையில் உழைக்கிற சனத்துக்கு ஒரு ரோடு போடுவது அவ்வளவு பெரிய விஷயமா?

சரி, வாங்கப் போகும்போது ஒரு டோர்ச் கொண்டு போங்கள். பின் சீட்டின் ஓரத்தில் குனிந்து அந்தக் காற்று ஜன்னலுக்குள் அடித்துப் பாருங்கள். பஞ்சு தெரிந்தால் ஸ்கேன் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.