இடுப்பு வலிக்கு என்ன காரணம்? முதலில் எந்த இடுப்பு என்று பார்ப்போம்

"36 வயது, நுவரெலியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து செய்யும் வேலை, ஒரு வருடமாக இடுப்பு வலி. சில நாள் முதுகுக்குக் கீழே, சில நாள் பக்கவாட்டில். எதனால் இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டொக்டர் இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருடம் கிளினிக் கிளினிக்காக அலைந்தவன். அந்த அலைச்சலில் பாதிக்கு நான்தான் காரணம் என்பதால் எழுதுகிறேன்.

அம்மா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். தலையில் கயிறு, முதுகில் கூடை. ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், போடுவதற்கே 18 கிலோ, 20 கிலோ எடுக்க வேண்டும். மழை நாளில் ஈரக் கொழுந்து இன்னும் கனக்கும், அதோடுதான் சறுக்குகிற மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு நடை. அதனால் வேலையிலிருந்து நின்ற பிறகு "இடுப்பு வலிக்குது" என்றபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாரும் யோசிக்கவே இல்லை. கூடை தூக்கின இடுப்பு, வலிக்காமல் என்ன செய்யும்? சித்தாலேப தேய்த்தோம், பெனடோல் கொடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர்கள் சிங்களவர்கள். அம்மா இடுப்பு என்பார், நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் "கொந்த ரிதெனவா" என்பேன். அதைக் கேட்டால் அவர்களுக்கு முதுகின் அடிப்பகுதிதானே நினைவுக்கு வரும்? இரண்டு முறை முதுகெலும்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம் இருந்தது. 60 தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது இருக்கும், வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. மாத்திரையும் பெல்ட்டும் தந்து அனுப்பினார்கள்.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். அரைகுறைத் தமிழில், என்னைக் கேட்காமல் அம்மாவையே கேட்டார்: "ஒரு விரல்ல தொட்டுக் காட்டுங்க அம்மா." அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விரல் வைத்தது முதுகில் இல்லை. வலது தொடையும் அடிவயிறும் சேருகிற மடிப்பில். மகன் முன்னால் அந்த இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இரண்டு வருடமாக "இடுப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். டொக்டர் அவரைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். அம்மா கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கால் நகம் வெட்ட முடியுதா?" "எங்க முடியுது... ஒரு வருசமா மகதான் வெட்டிவிடுறா." எனக்கு அதுவே புதுச் செய்தி.

இடுப்புக்கூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வலது தொடையெலும்பின் பந்து பொருந்துகிற மூட்டில் குருத்தெலும்பு அநேகமாகத் தேய்ந்துபோயிருந்தது. முதுகுக்கும் அந்த வலிக்கும் சம்பந்தமே இல்லை. அம்மா கம்பையும் வலிக்கிற பக்கத்துக் கையில் ஊன்றிக்கொண்டிருந்தார். வலது மூட்டுக்கு இடது கையில்தான் ஊன்ற வேண்டுமாம். மாற்றிய அன்றே நடை கொஞ்சம் நேரானது.

இனி உங்கள் விஷயம். தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல இடங்கள் ஒளிந்திருக்கின்றன. தொடையிடுக்கில் வலித்து, குந்தி உட்காரச் சிரமமாக இருந்தால் இடுப்பு மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளிப்பக்கத்து எலும்பு முனையில் வலித்து, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாவிட்டால் பெரும்பாலும் அங்கே வந்து சேருகிற தசைநாண்களின் கோளாறு. இது நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம். முதுகின் அடியில் மட்டும், பெல்ட் கட்டுகிற மட்டத்தில் என்றால் அநேகமாகத் தசை, தசைநார்ப் பிடிப்பு. முதுகு வலிகளில் மிகப் பெரும்பான்மை இந்த வகைதான், சில வாரங்களில் தானாகவே குறையும். புட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை கரண்ட் அடித்த மாதிரி இழுத்து, இருமினால் தும்மினால் கூடினால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று நினைக்கலாம். அதிலும் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது.

எங்கள் லயத்து மாமா ஒருவருக்கு வேறு கதை. மேட்டில் ஏறும்போது ஒன்றும் இல்லை, இறக்கத்தில்தான் இரண்டு காலும் கனத்து மரத்துப்போய் நாலு இடத்தில் குந்துவார். குந்தினால் சரியாகிவிடும். "எல்லாருக்கும் ஏறத்தான் கஷ்டம், இந்தாளுக்கு எறங்க" என்று சிரித்தோம். நரம்புகள் போகிற முதுகெலும்புக் குழாய் குறுகியிருந்தது. ஏறும்போது உடல் முன்னால் சாய்வதால் குழாய் கொஞ்சம் விரியும், இறங்கும்போது பின்னால் சாய்வதால் இன்னும் இறுகும். சமதரையில் இருந்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்குமோ என்னவோ.

உங்கள் வயதுக்கு நான் முக்கியமாகக் கேட்பது இதுதான்: காலையில் எழும்பும்போது அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கிறதா? உட்கார்ந்தால் கூடி, நடந்தால் குறைகிறதா? பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறதா? வலி ஒரு புட்டத்திலிருந்து மறு புட்டத்துக்கு மாறுகிறதா? ஆம் என்றால் நுவரெலியாக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். அது முதுகெலும்பு மூட்டுகளில் வருகிற அழற்சி வாதமாக இருக்கலாம். வழக்கமாக 45 வயதுக்கு முன்பே தொடங்கும், நல்ல மருந்துகளும் உண்டு. அப்படி எதுவும் இல்லாவிட்டால், நாள் முழுக்க உட்காருகிற ஸ்டூலையும், கடையில் சாக்கு மூட்டை தூக்குவதுண்டென்றால் தூக்குகிற விதத்தையும் சந்தேகியுங்கள். படுத்துக் கிடப்பது மட்டும் வேண்டாம், வலியைப் பொறுத்து நடமாடுங்கள்.

எலும்பே காரணம் இல்லாமலும் வலிக்கும். விலாவுக்குக் கீழிருந்து தொடையிடுக்குக்குச் சுருட்டிச் சுருட்டி இறங்கினால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். மாதவிடாயோடு வந்து போனால் கர்ப்பப்பைப் பக்கமும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ, காரணமில்லாமல் உடல் மெலிவதோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது, நமக்குத் தெரியாமலே சிறுநீர் போய்விடுவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது இவற்றில் ஏதாவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கிளினிக்குக்குப் போகும் முன் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: விரல் வைக்கிற இடம், காலை விறைப்பு எத்தனை நிமிடம், ஏற்றமா இறக்கமா. மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிப்போனாலும் இடத்தை நீங்களே தொட்டுக் காட்டுங்கள். நான் இப்போது அம்மாவோடு போனால் முதல் ஐந்து நிமிடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.