டப்பாவின் பின்பக்கம்: உரக்கடைக்காரர் பதில்கள்

ஒட்டன்சத்திரத்தில் 28 வருடம் உரக்கடை நடத்தினேன். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் தோட்டத்தையும், மிச்ச நேரத்தில் உங்கள் கடிதங்களையும் பார்க்கிறேன். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் பூச்சி மருந்து டப்பாவில் இருக்கும் சொற்களைப் பற்றியவை. அதனால் உரம், விதைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

மருந்து டப்பாவில் 17.8 எஸ்.எல்., 25 இ.சி., 5 எஸ்.ஜி. என்றெல்லாம் போட்டிருக்கிறது. கடையில் கேட்டால் "அது கம்பெனி நம்பர்" என்கிறார்கள். அப்படியா?
– வேடசந்தூர் வாசகர்

கம்பெனி நம்பர் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்த நம்பரைத்தான். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். என்றால் 100 கிராம் திரவத்தில் 17.8 கிராம்தான் பூச்சியைக் கொல்லும் சரக்கு. மிச்சமெல்லாம் அதைக் கரைக்கவும் கெடாமல் வைக்கவும் சேர்த்த பொருட்கள். அந்தக் கொல்லும் சரக்கை நாங்கள் கடையில் 'டெக்னிக்கல்' என்போம். டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவில் இருப்பதுதான் டெக்னிக்கல்.

பின்னால் வரும் எழுத்து, சரக்கு எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. எஸ்.எல். தண்ணீரில் நேராகக் கரையும் திரவம். எஸ்.ஜி. கரையும் குருணை. இ.சி. எண்ணெய்ச் சரக்கு, தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுக்க வேண்டும். வெளுக்காமல் எண்ணெய் தனியாக மிதந்தால் சரக்கு கெட்டது, இல்லையென்றால் தண்ணீரில் உப்பு அதிகம். எப்படியும் அதை அடிக்காதீர்கள். எஸ்.சி. என்பது நுண்துகள் மிதக்கும் கெட்டித் திரவம். அது அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்குக்கு ஒன்றுமிருக்காது, கடைசி டேங்கில் செடி கருகும். டபிள்யூ.பி. நனையும் தூள். அதைக் கொஞ்சம் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்துவிட்டு அப்புறம் டேங்கில் ஊற்ற வேண்டும். வெறும் ஜி என்றால் மண்ணில் போடும் குருணை. அதைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி அடிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார்போபியூரான் போன்ற கொடிய விஷத்தைக் குருணையாகச் செய்வதே அடிக்கிறவர் மூச்சிலும் தோலிலும் படக் கூடாது என்பதற்காக. அதைக் கரைத்து முகத்துக்கு நேரே அடித்தால் என்ன அர்த்தம்?

ஒரு முறை மிளகாய் போட்டிருந்த ஒருவர் மூன்று பாட்டிலோடு கடைக்கு வந்தார். மூன்று கடையில் மூன்று வாரத்தில் வாங்கியது. ஒன்றில் புலிப்படம், ஒன்றில் மின்னல், இன்னொன்றில் ஏதோ வாள். "எதுக்குமே இலைப்பேன் கேட்கலைண்ணே, நீங்க வேற கொடுங்க" என்றார். மூன்றையும் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் இமிடாகுளோபிரிட்! ஒரே மருந்தை மூன்று தடவை அடித்திருக்கிறார். அதில் தப்பிப் பிழைத்த பேன்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெற்றுப்போட்டிருக்கும். 'பூச்சிக்கு மருந்து பழகிவிட்டது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

டெக்னிக்கல் மாறினால் மட்டும் போதாது. தயாமீத்தாக்சம், அசிட்டாமிப்ரிட் இரண்டும் இமிடாகுளோபிரிட்டின் பங்காளிகள். மூன்றும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். உலக அளவில் இவற்றுக்கு 4ஏ என்று குழு எண் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தெளிப்புக்கு வேறு குழு எண் உள்ள மருந்தாகக் கேளுங்கள்.

கத்தரியில் காய்ப்புழு. "ஊடுருவிப் பாயும் மருந்து, எங்கே ஒளிந்தாலும் விடாது" என்று கொடுத்தார்கள். அடித்தும் காய்க்குள் புழு அப்படியே இருக்கிறது. மருந்து போலியா?
– நத்தம் வாசகி

போலியாக இருக்காது அம்மா, பேச்சுதான் போலி. ஊடுருவும் மருந்து செடியின் சாற்றில் கலந்து பெரும்பாலும் தண்ணீர் ஏறும் வழியில் இலைக்குப் போகும். சாறு உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈக்கு அது எமன். காய்க்குள் உட்கார்ந்து சதையைத் தின்னும் புழுவிடம் அது போதிய அளவு போய்ச் சேராது. தொடு மருந்து பூச்சி உடம்பில் பட வேண்டும். வயிற்று நஞ்சைப் பூச்சி தின்ன வேண்டும். இடையில் இன்னொரு வகை உண்டு. இலையின் மேல்புறம் பட்டால் கீழ்ப்புறம் வரை போகும், ஆனால் அடுத்த இலைக்குப் போகாது. எமாமெக்டின் அப்படிப்பட்டது.

கத்தரிப் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் தண்டையோ காயையோ குடைந்து உள்ளே போய் ஓட்டையையும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தும் அதற்குப் பக்கத்து வீட்டுச் செய்தி. துவண்டு தொங்கும் நுனித்தண்டுகளை வாரம் ஒரு முறை கிள்ளி எரித்துவிடுங்கள், தோட்டத்து மூலையில் போடாதீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வையுங்கள். பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்குவதுதான் மருந்து அடிக்கும் நேரம். ஓட்டை விழுந்த காயைப் பார்த்த பிறகு இல்லை.

'காத்திருப்புக் காலம்' என்று டப்பாவில் இருக்கிறதே, அது செடியில் மருந்து வேலை செய்யும் காலமா?
– பழனி வாசகர்

இப்படி நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே குறைந்தது எத்தனை நாள் விட வேண்டும் என்பதே காத்திருப்புக் காலம். அது மருந்துக்கு மருந்து மட்டுமல்ல, பயிருக்குப் பயிரும் மாறும். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் 3 நாள், வெண்டைக்கு 5 நாள், பாகலுக்கு 7 நாள். கத்தரிக்கு? 22 நாள்!

கத்தரி நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. 22 நாள் யார் காத்திருப்பார்கள்? திங்கள் சாயங்காலம் அடித்துவிட்டு புதன் காலையில் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டுகிறோம். நம் காயில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. அங்கே வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் காயில் மருந்து எச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நம் வீட்டுக் குழம்புக் கத்தரிக்காயை யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் வீட்டுக்கென்று இரண்டு வரிசை மருந்தடிக்காமல் விடுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

வழி இருக்கிறது. நீண்ட காத்திருப்பு உள்ள மருந்தை முதல் பறிப்புக்கு வெகு முன்னால், புழு நுனித்தண்டைக் குடையும் பருவத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பறிப்பு தொடங்கிவிட்டால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மாதிரிக் குறைந்த காத்திருப்பு உள்ளதற்கு மாறுங்கள். கத்தரியில் அதற்கு 3 நாள்தான். காலையில் பறித்துவிட்டு அன்று மாலையே அடித்தால் அடுத்த பறிப்புக்குள் கணக்கு சரியாகிவிடும். கையில் இருக்கும் டப்பாவில் உங்கள் பயிரின் பெயரே இல்லையென்றால் அது உங்கள் பயிருக்கான மருந்தே இல்லை.

அப்பாவிடம் பச்சை முக்கோண மருந்து மட்டும் வாங்கச் சொல்கிறேன். "பச்சை மருந்து கேட்காது, சிவப்புதான் வேகம்" என்கிறார். யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, தாராபுரம்

நீ சொல்வதில் முக்கால்வாசி சரி மகளே. அப்பா சொல்வது முழுத் தப்பு. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் பூச்சியைப் பற்றிப் பேசவில்லை, மனிதனைப் பற்றிப் பேசுகிறது. சோதனை விலங்குகளில் பாதி சாக, உடல் எடை கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்பதுதான் அளவு. வாய்வழிக் கணக்கில் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் சின்னதாக இருந்தால் விஷம் பெரியது. மேலே சொன்ன குளோரான்ட்ரனிலிப்ரோல் பச்சைதான். ஏக்கருக்கு 60 மில்லியில் தக்காளிக் காய்ப்புழுவை முடித்துவிடும். இதைவிட என்ன வேகம் வேண்டும்?

மிச்சக் கால்வாசி என்னவென்றால், பச்சை என்பதால் எல்லா உயிருக்கும் நல்லது என்று ஆகிவிடாது. உங்கள் பக்கம் மல்பெரித் தோட்டங்கள் உண்டே. அதே பச்சை மருந்தின் சாரல் காற்றில் போய் மல்பெரி இலையில் பட்டு, அந்த இலையைப் பட்டுப்புழு தின்றால் தட்டுத் தட்டாகச் சாகும்.

சிவப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் அப்பா பருத்திக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிப்பார். குச்சி தேட மாட்டார், முழங்கை வரை கையை விட்டே கலக்குவார். ஒரு சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. வேர்வை, வாயில் எச்சில் ஒழுகல், கண்பாவை கடுகளவு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" எனக்கு அப்போது பதினேழு வயது. "நீலக் கலர் டப்பா சார்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் கண்ணைப் பார்த்தே பாஸ்பரஸ் வகை விஷம் என்று பிடித்துவிட்டு அட்ரோபின் ஊசி போட்டார். அப்பா பிழைத்தார். எல்லா விஷத்துக்கும் கண் இப்படிச் சாட்சி சொல்லாது. விஷமுறிவு மருந்து என்ன என்பது டப்பாவோடு வரும் தாளிலேயே இருக்கும். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கவே கூடாது என்று பின்னால் தடை வந்தது.

டேங்குக்கு எத்தனை மூடி ஊற்றுவது? ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு கணக்கு சொல்கிறார்கள்.
– சின்னாளபட்டி வாசகர்

கேள்வியே தப்பு. கடையில் இருந்த காலத்தில் "டேங்குக்கு ரெண்டு மூடி" என்று நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், எனவே தப்பில் எனக்கும் பங்கு உண்டு. மூடி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டேங்க் அதைவிட மோசம். முன்பு கைத்தெளிப்பான் 10 லிட்டர், இப்போது முதுகில் தொங்கும் பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர். பழைய மூடிக் கணக்கு புது டேங்கில் எப்படிச் சரியாக வரும்?

"ஏக்கருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 60 மில்லி என்றால், 200 லிட்டர் தண்ணீரில் அடிக்கும்போது 16 லிட்டர் டேங்க் பன்னிரண்டரை வரும். 60-ஐப் பன்னிரண்டரையால் வகுத்தால் டேங்குக்கு 4.8 மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று மருந்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விசைத்தெளிப்பானில் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், ஆனால் ஏக்கருக்கான மருந்து மாறாது.

ஒட்டுத் திரவம் எல்லாப் பயிருக்கும் அவசியமா?
– ஒரு வாசகர்

இல்லை. மருந்து இலையில் பிடித்து நிற்பதற்காகச் சேர்ப்பது அது. சின்ன வெங்காயத் தாளில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உருண்டு ஓடும். முட்டைக்கோசிலும் அப்படித்தான். அங்கே கட்டாயம். கத்தரி இலையில் சுணை இருக்கிறது, அதுவே பிடித்துக்கொள்ளும்.

நெல்லில் 'பொருளாதார சேத நிலை' பார்த்து அடியுங்கள் என்கிறார் வேளாண் அலுவலர். இதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது?
– ஆயக்குடி வாசகர்

பெயர்தான் பயமுறுத்தும். பூச்சியால் போகும் காசு மருந்துச் செலவைத் தாண்டப் போகிறது என்று எச்சரிக்கும் கோடு அது. அந்தக் கோட்டுக்குக் கீழே பூச்சி இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். தண்டுத் துளைப்பான் என்றால் தூர் கட்டும் பருவத்தில் நூறு தூரில் (ஒரு குத்தில் பல தூர் இருக்கும்) பத்தில் நடுக்குருத்து காய்ந்திருக்க வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு நூறு இலையில் பத்து.

நெல் குத்தின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு உள்ள கணக்குதான் எனக்குப் பிடித்தது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் அடிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்திக்கும் கணக்கில் இடம் வைத்திருக்கிறார்கள்! காலையில் வயலில் குனிந்து குத்தின் அடியைப் பாருங்கள், மேலே இலையை மட்டும் பார்த்தால் புகையான் தெரியாது. அவசரப்பட்டு சைபர்மெத்ரின் வகை மருந்தை அடித்தால் சிலந்திதான் முதலில் போகும். இரண்டு வாரத்தில் புகையான் முன்பைவிடக் கூட்டமாக வரும். இதற்கு 'மறுபெருக்கம்' என்று பெயர்.

28 வருடம் இதே மருந்துகளை விற்றுச் சம்பாதித்துவிட்டு இப்போது எங்களுக்குப் பாடமா?
– பெயர் போடாத வாசகர்

நியாயமான கேள்வி. விற்றேன். ஆரம்பத்தில் எனக்கும் டெக்னிக்கல் தெரியாது, கம்பெனிப் பிரதிநிதி சொன்னதை உங்களிடம் சொன்னேன். எந்தச் சரக்கில் லாபம் அதிகமோ அதைக் கண் மட்டத்தில் அடுக்கினேன். ஐம்பது வயதுக்கு மேல், உரக்கடைக்காரர்களுக்கான ஓராண்டு டிப்ளமோவில் வாரம் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். என் மகன் வயதுள்ள ஒருவர் கரும்பலகையில் குழு எண்களை எழுதினார். அன்று ராத்திரி கடையைத் திறந்து அலமாரியில் இருந்த பூச்சி மருந்துகளை எல்லாம் டெக்னிக்கல்படி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். நாற்பத்தோரு பெயர். டெக்னிக்கல் பதினொன்றுதான்.

இப்போது மகன் பில்லில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் டெக்னிக்கலையும் எழுதித் தருகிறான். நீங்கள் வாங்கும் கடையிலும் அப்படி எழுதிக் கேளுங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இந்த மாதம் எல்லாரும் முன்பக்கத்தையே அனுப்பியிருக்கிறீர்கள். புலிப்படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல?