நெகட்டிவ் எங்கிருந்து வந்தது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வண்ணாரப்பேட்டைக்காரன். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. மனித டிஎன்ஏ துண்டு ஒன்றைக் கொடுத்தால் அது புரோமோட்டரா (ஜீனை இயக்கத் தொடங்கும் பகுதி) இல்லையா என்று சொல்லும் மாடல் செய்திருக்கிறேன். 97 சதவீதம் சரியாக வருகிறது. லேயரைக் கூட்டவா, டிரான்ஸ்ஃபார்மர் வகை மாடலுக்கு மாறவா? மாடலை வேகமாகப் பழக்கும் ஜிபியு சிப் வாங்க வசதியில்லை.

ச.

அன்புள்ள ச.,

ஜிபியு வாங்க வேண்டாம். இதற்கு இணையத்தில் கூகுள் தரும் இலவச கோலாப் போதும். லேயர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த 97தான் எனக்கு உறுத்துகிறது. நெகட்டிவ் துண்டுகளை, அதாவது புரோமோட்டர் அல்லாதவை என்று மாடலுக்குக் காட்டியவற்றை, எங்கே எடுத்தீர்கள்? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் படித்தவர் இதை எப்படி விடலாம், தம்பி?

கண்ட இடத்தில் வெட்டியிருப்பீர்கள். டிஎன்ஏவின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி; மனித ஜீனோமில் ஜி, சி சேர்ந்து சுமார் 41 சதவீதம். புரோமோட்டர்களில் பெரும்பாலானவை சிபிஜி தீவுகளில் (சிக்கு அடுத்து ஜி வரும் ஜோடிகள் நெருக்கமாக உள்ள பகுதிகள்) இருப்பவை. அங்கே 60ஐத் தாண்டுவது சாதாரணம். அப்படியானால் மாடல் எழுத்தை எண்ணியே ஜெயித்துவிடும். ஜிசி விகிதம், சிஜி ஜோடிகளின் எண்ணிக்கை, இவ்விரண்டை மட்டும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய மாடலுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதுவே 97க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் மாடல் வேறெதையும் படிக்கவில்லை.

ஒவ்வொரு புரோமோட்டருக்கும் அதே நீளம், அதே ஜிசி, ஏறத்தாழ அதே அளவு ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் வரிசை) உள்ள துண்டைத் தேடி நெகட்டிவ் ஆக்குங்கள். வரிசையைக் குலுக்குவதானால் ஈரெழுத்து ஜோடிகளின் எண்ணிக்கை மாறாமல் குலுக்குங்கள். டெஸ்டுக்கு 8, 9ஆம் குரோமோசோம்களை முழுதாக ஒதுக்குங்கள். கலைத்துப் பிரித்தால் ஒன்றின்மேல் ஒன்று படியும் துண்டுகள் பயிற்சி, டெஸ்ட் இரு பக்கமும் போய்விடும். மனித ஜீனோமின் பழைய பதிப்பான ஹெச்ஜி19இன் இட எண்களை வைத்துப் புதிய பதிப்பான ஹெச்ஜி38இல் வெட்டாதீர்கள். எரர் எதுவும் வராது, வேறு இடம் வந்து நிற்கும்.

ஏன் இவ்வளவு கறார்? உங்கள் பக்கத்து மொட்டைமாடித் தொட்டியில் வளரும் கொசு பரப்புகிற வைவாக்ஸ் மலேரியாவையே பாருங்கள். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய முக்கிய வழி அதன் மேலிருக்கும் டஃபி புரதம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலானோருக்கு அந்தப் புரதத்துக்கான ஜீனின் புரோமோட்டரில் ஒரு டி எழுத்து சியாக மாறியிருக்கிறது. அங்கே ஒட்டி ஜீனை இயக்க வேண்டிய காட்டா1 புரதம் ஒட்டாது. சிவப்பணுவில் மட்டும் ஜீன் அணைந்துவிடும், வைவாக்ஸ் எளிதில் தொற்றாது. ஆயிரம் எழுத்தில் ஒன்று! ஜிசி விகிதம் 0.1 சதவீதம்தான் நகரும். எண்ணுகிற மாடலுக்கு இது தெரியவே தெரியாது. புரோமோட்டரா இல்லையா என்ற கேள்வியும் இங்கே பற்றாது, எந்தச் செல்லில் இயங்குகிறது என்று கேட்க வேண்டும். சிவப்பணுவாக மாறப்போகும் செல்களின் அட்டாக்-சீக் தரவில் (டிஎன்ஏவில் திறந்திருக்கும் இடங்களைக் காட்டுவது) பழக்க வேண்டும்.

முதலில் நெகட்டிவை மாற்றுங்கள். எண் 80க்கு இறங்கினாலும் பதறாமல் எனக்கு எழுதுங்கள். லேயரைப் பற்றி அப்போது பேசுவோம்.